மோதியதா, உரசியதா, ஏற்றியதா: மேற்கு மாம்பலத்து ஆங்கில எழுத்து வகுப்பு

விபத்து, சேதம், காயம் இவற்றைப் பற்றித் தினமும் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால், மேற்கு மாம்பலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் இந்த வகுப்பில் தாராளமாகச் சேரலாம். இன்டர்வியூவுக்குச் சரளமாகப் பேச வேண்டும், வெளிநாட்டு கிளையண்டோடு தயங்காமல் பேச வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. அதற்கு தி.நகரிலும் அண்ணா நகரிலும் தெருவுக்குத் தெரு இடம் இருக்கிறது. இங்கே சொல்லித்தருவது எழுத்து. அதுவும், நடந்ததை நடந்தபடி எழுதுவது.

வகுப்பை நடத்துகிற டீச்சர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். துரைசாமி சப்வேயிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவர் வீட்டு மாடியில் வகுப்பு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பெயரையும் முகவரியையும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. இரண்டு மாதப் பாடம், கட்டணம் 4,500 ரூபாய்.

நான் அரும்பாக்கத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர். இன்ஷூரன்ஸ் வேலை முழுவதும் என் மேசைக்குத்தான் வரும். வண்டியை இறக்கிவிட்டு வாடிக்கையாளர் சொல்வது ஒரு மாதிரி இருக்கும்: "மேடம், சிக்னல்ல நின்னுட்டிருந்தேன், பின்னாடி வந்து சாத்திட்டான்." "யூ டர்ன் எடுக்கும்போது லேசா உரசிட்டுப் போயிட்டான்." "ஸ்பீடு பிரேக்கர் தெரியல, அடியில டமால்னு இடிச்சுது." இதை க்ளெய்ம் ஃபாரத்தில் நாலு வரி ஆங்கிலமாக்க வேண்டும். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் தரப்பில் வருகிற சர்வேயர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அந்த நாலு வரியைத்தான் பார்ப்பார். வரி ஒன்று சொல்லி, வண்டி வேறொன்று சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும். ஆகவே இந்த வகுப்பின் பாடத்திட்டத்தில் மோதல், அடி, இடி சம்பந்தப்பட்ட சொற்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே சேர முடிவெடுத்தேன். இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அந்தப் பகுதியைப் பற்றித்தான்.

டீச்சர் அகராதியிலிருந்து தொடங்குவதில்லை. பலகையில் சில கேள்விகளை எழுதிவிடுகிறார். எது நகர்ந்தது? எது நின்றிருந்தது? சத்தம் கேட்டதா? பட்ட பொருள் இடம் மாறியதா? உடைந்ததா? வேண்டுமென்றே செய்ததா? அப்புறம் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் எடுத்து, இந்தக் கேள்விகளில் எதற்கெல்லாம் அந்தச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது, எதற்குச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஆங்கிலம் தமிழ் அகராதியைப் புரட்டினால் 'ஹிட்', 'ஸ்ட்ரைக்', 'நாக்', 'பேங்' எல்லாவற்றுக்கும் அடி, மோது, தாக்கு என்று அதே மூன்று சொற்கள் மாறி மாறி வரும். அந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது இந்தக் கேள்விகள்தான்.

'ஹிட்' என்ற சொல் இவற்றில் எதற்குமே பதில் சொல்வதில்லை. விசையோடு பட்டது, அவ்வளவுதான். தெரிந்து அடித்ததற்கும் வரும், தெரியாமல் பட்டதற்கும் வரும். பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாம். அங்கே அதற்கு எதிர்ப்படுதல், சந்தித்தல் என்று பொருள். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாத நேரத்தில் இந்தச் சொல்லை எழுதுங்கள் என்பது டீச்சரின் ஆலோசனை. எங்கள் தொழிலுக்கு இது மிகவும் பொருந்தும். காலையில் எழுந்து பார்த்தால் நிறுத்தி வைத்த கார் நசுங்கிக் கிடக்கிறது, யார் செய்தது என்று தெரியாது. அங்கே 'ஹிட்' என்று எழுதுவதுதான் நேர்மை.

'ஸ்ட்ரைக்' அதே வேலையைச் சட்டை மாட்டிக்கொண்டு செய்கிற சொல். நீதிமன்றத் தீர்ப்பு, செய்தி, அறிக்கை இவற்றில் அதிகம் வரும். மின்னல் தாக்குவது, கப்பல் பாறையில் மோதுவது, கடிகாரம் மணி அடிப்பது எல்லாம் இதில்தான். சென்னையில் இந்தச் சொல்லைச் சொன்னால் பஸ் ஓடாத நாள்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பொருளுக்கும் ஒரு கதை உண்டு. 1768-இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கப்பல்களின் பாய்களைக் கீழே இறக்கி, வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். பாய் இறக்குவதற்கு இதே வினைச்சொல்தான். அதிலிருந்து வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பின்னி மில் தொழிலாளர்கள் 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்க நன்றாக இருந்தது.

'நாக்' வரும்போதுதான் வகுப்பு சூடு பிடித்தது. இந்தச் சொல்லுக்கு அடி முக்கியமில்லை, அடிபட்ட பிறகு என்ன ஆனது என்பதே முக்கியம். நாக் டவுன், நாக் ஓவர், நாக் அவுட் என்று பின்னால் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு, விழுந்தான், சாய்ந்தது, மயங்கினான் என்று விளைவைச் சொல்லும். எங்கள் வகுப்பில் ஒரு பெண் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸ். இன்னொருவர் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் பார்க்கிற ஜூனியர் வக்கீல். 'நாக்டு டவுன்', 'ரன் ஓவர்' இரண்டுக்கும் உள்ள இடைவெளியை டீச்சர் விளக்கியபோது இருவரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள். முதலாவதில் வண்டி பட்டு ஆள் விழுந்திருக்கிறார். இரண்டாவதில் சக்கரம் ஆள்மேல் ஏறியிருக்கிறது. தமிழில் நமக்கு இந்த வித்தியாசம் தானாக வரும். "தட்டிவிட்டுட்டுப் போயிட்டான்" என்பதையும் "ஏத்திட்டான்" என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டாவதைக் கேட்டதும் வயிறு பதறும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். எலும்பு முறிவா, நசுங்கிய காயமா, டயர் தடம் இருந்ததா என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லோடு சேர்ந்துதான் வாசிக்கப்படும் என்று வக்கீல் தன் அனுபவத்திலிருந்து சொன்னார்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பம்ப்' லேசானது, பெரும்பாலும் தற்செயலானது. பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடிப்பது. 'பேங்' காதுக்கு உரியது. சத்தம் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. 'ஸ்லாம்' பலமும் வேகமும் சேர்ந்து வருவது. கதவை அறைந்து சாத்துவதற்கு அது வரும், பிரேக்கை ஓங்கி மிதிப்பதற்கும் வரும், வண்டி சுவரில் போய் அப்படியே அடிப்பதற்கும் வரும். கன்னத்துக்கும் கதவுக்கும் தமிழ் ஒரே 'அறை'யை வைத்திருக்கிறது, ஆங்கிலம் அங்கே இரண்டு சொல் கேட்கிறது என்பதையும் டீச்சர் காட்டினார். 'ஸ்மாஷ்' என்றால் துண்டு துண்டாகப் போக வேண்டும், நொறுங்க வேண்டும். பானட் மடங்கியதற்கு அதை எழுதினால் சர்வேயர் துண்டுகளைத் தேடுவார். 'கிரேஸ்', 'ஸ்க்ரேப்' இரண்டும் உரசல்தான். முன்னது மேலோடு தொட்டுக்கொண்டு போவது, பின்னது பெயிண்டையோ தோலையோ இழுத்துக்கொண்டு போவது.

'ராம்' என்ற சொல்லுக்கு நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் ஆட்டுக்கடாவின் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. கோட்டைக் கதவை இடிக்கும் பெரிய மரத்தூணுக்கும் அதே பெயர். திருக்குறளில் காலமறிதலில் வருகிற கடா தாக்குவதற்காகவே பின்வாங்கும் அல்லவா, அந்தக் கடாதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று டீச்சர் சொன்னதும் பொருள் மனதில் பதிந்துவிட்டது. பின்னே போய், குறி பார்த்து, முழு பலத்தோடு முட்டுவது. ஆங்கிலப் பத்திரிகைகளில் லாரி எதில் மோதினாலும் இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். தலைப்பில் இடம் குறைவு, மூன்றெழுத்தில் முடிகிறது என்பது புரிகிறது. ஆனால் க்ளெய்ம் ஃபாரத்தில் இதை எழுதினால் ஓட்டுநர் வேண்டுமென்றே செய்தார் என்ற வாசனை வந்துவிடும். தற்செயலான விபத்துக்குத்தான் பாலிசி. வேண்டுமென்று செய்ததற்கு இல்லை. ஒரு சொல் வாடிக்கையாளரின் பணத்தில் கை வைக்கக்கூடிய இடம் இது.

'கிராஷ்', 'கொலைட்' இரண்டுக்கும் ஒரு முழு வகுப்பே போனது, போகத்தான் வேண்டும். 'கிராஷ்' ஆவதற்கு எதிராளி தேவையில்லை. தனி ஆளாகச் சாலையை விட்டு இறங்கி மரத்தில் போய் மோதலாம், விமானம் வானத்திலிருந்து விழலாம். பலத்த சத்தமும் பெரிய சேதமும் அந்தச் சொல்லோடு கூடவே வரும். 'கொலைட்' ஆவதற்கு இரண்டு தரப்பு வேண்டும். இரண்டுமே ஓட்டத்தில் இருந்தால்தான் இந்தச் சொல்லைப் போடலாம் என்று ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர்கள் வெகுகாலம் விதி வைத்திருந்தார்கள். அகராதிகள் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. இந்த இடத்தில் டீச்சர் தமிழுக்குத் திரும்பி ஒரு வாக்கியத்தை எழுதினார்: 'காரும் ஆட்டோவும் மோதிக்கொண்டன.' அதற்குக் கீழே: 'கார் ஆட்டோ மீது மோதியது.' முதல் வாக்கியத்தில் தப்பு யார் மீதும் இல்லை. இரண்டாவதில் கார்க்காரர் மாட்டிக்கொண்டார். 'கொள்' என்ற ஒரு துணைவினை பழியை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கொலைட்' பன்மை எழுவாயோடு வந்தால் அதே வேலையைச் செய்யும். 'வித்' சேர்ந்து, ஒரு வண்டி மட்டும் எழுவாயானால் பழி அந்த வண்டிப் பக்கம் சாயத் தொடங்கும். பள்ளியில் படித்த இலக்கணம் இவ்வளவு நாள் கழித்து என் மேசையில் உபயோகப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாரிமுனையில் கப்பல் கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இங்கே ஒரு கேள்வி கேட்டான். அவர்கள் காகிதங்களில் 'அலிஷன்' என்றொரு சொல் வருகிறதாம், அது என்ன என்று. கடல்சார் சட்டத்தில் இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டிருந்து மோதினால் 'கொலிஷன்'. நிற்கும் பொருளின் மீது கப்பல் போய் மோதினால் 'அலிஷன்'. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு டேங்கர் கப்பல்கள் மோதி, எண்ணெய் கடற்கரை நெடுகக் கறுப்பாகப் படிந்ததும், வாளியில் அள்ளி எடுத்ததும் நமக்கு நினைவிருக்கும். உள்ளே வந்த கப்பலும் வெளியே போன கப்பலும் மோதிய அது முதல் வகை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் பாலத்தின் தூணில் மோதி, பாலமே சரிந்தது இரண்டாவது வகை. அந்த நாட்டு விபத்து விசாரணை வாரியம் தன் அறிக்கைத் தலைப்பில் அதை 'காண்டாக்ட்', அதாவது தொடுதல், என்றே குறிப்பிடுகிறது. ஒரு பாலத்தையே விழுத்தாட்டிய மோதலுக்கு அவ்வளவு சாதுவான சொல்லா என்று தோன்றும். விசாரிக்கிறவர் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் என்பது டீச்சரின் விளக்கம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டு போன இடத்துக்காக மட்டுமே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டி, மோதியபோது கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே படங்கள், ஒரே கேள்வி; வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு வேறு. 'ஸ்மாஷ்' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். 'கொலைட்' 39.3, 'பம்ப்' 38.1, 'ஹிட்' 34, 'காண்டாக்ட்' 31.8. கிலோமீட்டரில் சொன்னால் மேலே ஏறக்குறைய 66, கீழே 51. ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள் 15 கிலோமீட்டர் வித்தியாசத்தை ஒரு வினைச்சொல் உண்டாக்கியிருக்கிறது.

இரண்டாவது சோதனை இன்னும் கவலை தருவது. 150 பேருக்கு ஒரு விபத்துப் படம். 50 பேரிடம் 'ஸ்மாஷ்' போட்டு வேகம் கேட்டார்கள், 50 பேரிடம் 'ஹிட்' போட்டு, மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'ஸ்மாஷ்' குழுவில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'ஹிட்' குழுவில் 7 பேர், கேள்வியே கேட்கப்படாத குழுவில் 6 பேர். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன் கேட்ட சொல் அவர்கள் நினைவுக்குள் போய்க் கண்ணாடியை உடைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அகராதிப்படி 'பம்ப்' 'ஹிட்'டைவிட லேசானது. இங்கோ அது நாலு மைல் அதிகமாக வாங்கியிருக்கிறது. டீச்சரிடம் கேட்டேன். ஐந்து குழுக்களிலும் ஒன்பது ஒன்பது பேர்தான், ஒவ்வொரு இலக்கத்தையும் தராசுக் கல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சொல் மாறினால் நினைவு நகர்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்கிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்கும்.

வேலையில் இதன் பலன் உடனே தெரிந்தது. "எப்படிங்க மோதுச்சு?" என்று கேட்டால் வாடிக்கையாளர் மோதலைத்தான் சொல்வார். இப்போது "என்னங்க நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க" என்று மட்டும் கேட்கிறேன். அவர் எடுக்கிற சொல்லை நான் எடுத்துக்கொடுப்பதில்லை. உரசிச்சு என்றால் உரசல், இடிச்சுது என்றால் இடி. கீழே கல் இடித்து வருகிற வண்டிகளில் இது ரொம்ப முக்கியம். ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, உடைந்தது விபத்துச் சேதம். ஆயில் ஒழுகிய பிறகும் ஓட்டிக்கொண்டே போய் இன்ஜின் இறுகி நின்றுவிட்டால் அது பின்விளைவுச் சேதம், சாதாரண பாலிசியில் வராது. எது எதில் எப்போது இடித்தது, சத்தம் கேட்டதும் வண்டி நின்றதா என்ற வரிசை ஃபாரத்தில் தெளிவாக இருந்தால் சர்வேயரும் நாங்களும் ஒரே கதையைப் பார்ப்போம்.

அண்மையில் ஒருவர் தண்ணி லாரி உரசிய காரைக் கொண்டுவந்தார். இடது பக்கம் முன் கதவிலிருந்து டிக்கி வரை ஒரே நீளக் கோடு, பெயிண்ட் போய், தகடு லேசாக உள்ளே போயிருந்தது. அவர் வீட்டில் யாரோ விபத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கும் ஆன்லைன் இன்டிமேஷனில் 'கிராஷ்' என்று பதிந்துவிட்டார்கள். கிராஷ் என்றால் ஏர்பேக் ஏன் விரியவில்லை, சென்சார் வேலை செய்யவில்லையா என்று இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து கேள்வி வந்து, ஒப்புதல் தள்ளிப்போனது. பக்கவாட்டில் நீளமாக உரசியது என்று ஒரு வரி விளக்கம் எழுதி, கோட்டின் தொடக்கமும் முடிவும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினோம். சரியாகிவிட்டது. முதலிலேயே 'ஸ்க்ரேப்' என்று இருந்திருந்தால் அவர் இத்தனை போன் பண்ணியிருக்க வேண்டாம்.

வகுப்பில் நான் டீச்சரோடு முழுதாக உடன்படாத இடம் ஒன்று உண்டு. அது 'டேஷ்'. நம் போலீஸ் எஃப்.ஐ.ஆர். ஆங்கிலத்திலும் இன்ஷூரன்ஸ் காகிதங்களிலும் எல்லா வண்டியும் எல்லாவற்றின் மீதும் 'டேஷ்' ஆகிறது. தமிழ் எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி' என்ற தொடர் அச்சுக் கோர்த்த மாதிரி வரும். அந்த 'மோதி'க்கு ஆங்கிலத்தில் இதைத்தான் போடுகிறார்கள். இங்கிலாந்து ஆங்கிலத்தில் இந்தச் சொல் விரைந்து ஓடுவதையோ, எதையாவது ஓங்கி வீசி அடிப்பதையோ சொல்லும். கார்கள் மோதுவதற்கு அங்கே இதைப் பயன்படுத்துவது வழக்கமில்லை. டீச்சர் இதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் கூடுமானவரை விட்டுவிடுங்கள் என்கிறார். வக்கீலும் நானும் ஒத்துக்கொள்ளவில்லை. எஃப்.ஐ.ஆரில் இருக்கிற சொல்லை மனுவில் மாற்றினால் இரண்டு ஆவணமும் இரண்டு விபத்தைச் சொல்வது போல ஆகிவிடும். இந்திய நீதிமன்றங்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் புரிகிறது, தீர்ப்புகளிலேயே வருகிறது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 'ஸ்ட்ரைக்'கின் இறந்தகாலமான 'ஸ்ட்ரக்' போடலாம். ஊருக்குள் 'டேஷ்' இருக்கட்டும்.

'ஹிட் அண்ட் ரன்' பற்றி வக்கீல் சொன்ன தகவலை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இடித்துவிட்டு ஓடிப்போனவன் என்று நாம் பொருள் கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் வேறு மாதிரி வரையறுக்கிறது: நியாயமான முயற்சிகள் எடுத்த பிறகும் எந்த வாகனம் என்று கண்டுபிடிக்க முடியாத விபத்து. ஓடினவனின் நம்பர் கிடைத்துவிட்டால், இந்த வகை விபத்துக்கென்று சட்டம் வைத்திருக்கிற இழப்பீட்டுத் திட்டத்தில் அது வராது. சாதாரண இழப்பீட்டு வழக்குதான். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. அதற்கு முன் இது 25,000, 12,500 ஆக இருந்தது. இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

குறைகளும் இருக்கின்றன. மனிதர்கள் மனிதர்களை அடிப்பது பற்றிய சொற்களுக்கு டீச்சர் மிகக் குறைந்த நேரமே ஒதுக்கினார். 'ஸ்லாப்' விரித்த கையால், 'பன்ச்' மூடிய கையால், 'தம்ப்' மந்தமான சத்தத்தோடு விழும் கனமான அடி, 'பீட்' திரும்பத் திரும்ப அடிப்பது என்று வேகமாக ஓடிவிட்டார். அந்த நர்ஸ் அக்காவுக்கு இதுதான் அதிகம் தேவைப்பட்டது. அடிதடி கேஸ் வந்தால் விபத்துப் பதிவேட்டில் நோயாளி சொன்னதை எழுதும் இடத்தில் கையால் குத்தியதா, அறைந்ததா, கட்டையால் அடித்ததா என்பது பின்னால் சாட்சிக் கூண்டு வரை போகும். வீட்டில் அடி வாங்கி வருகிற பெண்கள் "லேசா ஒரு தட்டு" என்றுதான் சொல்வார்களாம். அந்தத் தட்டை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவர் கேட்டபோது, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் குறித்துவிட்டு, காயத்தைத் தனியாக அளந்து எழுதுங்கள் என்றார் டீச்சர். நல்ல பதில்தான். ஆனால் அதற்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். அடுத்த பேட்சிலாவது சேர்க்க வேண்டும் என்று எல்லோருமாகக் கேட்டிருக்கிறோம்.

தாள்கள் கையெழுத்துப் பிரதியின் ஜெராக்ஸ். சில பக்கங்கள் மங்கல். படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி இல்லை, ஒரு ஞாயிறு தவறினால் யாரிடமாவது நோட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாடிப்படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்களுக்குச் சிரமம். பைக் நிறுத்தத் தெருவில் இடம் கிடைப்பது கஷ்டம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவது நல்லது. ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்.

எதிர்பார்க்கிற தகுதி: பத்தாம் வகுப்பு அளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்திலேயே பொருள் தருகிற, கற்பவர்களுக்கான அகராதி ஒன்று கையில் வேண்டும். எந்தப் பதிப்பகமானாலும் பரவாயில்லை, பழைய புத்தகக் கடையில் வாங்கியதும் செல்லும். விளக்கம் முழுவதும் தமிழில்தான். வேலையிடத்திலிருந்து பெயர், வண்டி எண் எல்லாம் அடித்துவிட்டு ஒரு உண்மையான அறிக்கையைக் கொண்டுவந்தால் அதை வைத்தே சொல்லித்தருவார்.

அடுத்த பேட்ச் பொங்கல் கழிந்து ஆரம்பிக்கிறது. பணத்தை முதல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த பிறகு கொடுத்தால் போதும், இரண்டு தவணையாகவும் வாங்கிக்கொள்கிறார். சேர நினைக்கிறவர்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், டீச்சரிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தருகிறேன். நர்ஸ், போலீஸ், சர்வேயர், ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு முதலிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.